இருபதாம் நம்பர் கடுதாசி

1986-ஆம் வருடம். கலிபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் நாங்கள் குடியேறி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் கணவர் இன்ஜினியர். காலை ஆறரை மணிக்குக் காரை எடுத்தால் சாயங்காலம்தான் வீடு திரும்புவார். என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. வீட்டில் ஒரு டி.வி., ஒரு வாக்குவம் கிளீனர், நான். அவ்வளவுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எதையும் தோண்டித் துருவாமல் என்னால் சும்மா இருக்க முடியாது. சுண்டல் மடித்துத் தந்த காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவேன். "அடுத்த வீட்டுத் தபாலைப் பிரிக்காம இருக்கியே, அது வரைக்கும் சந்தோஷம்" என்று என் கணவர் கிண்டல் பண்ணுவார். இந்தப் புத்திதான் என்னை ஓர் இடுகாட்டுப் பதிவேடு வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

விஷயம் ஆரம்பித்தது அதற்கு முந்தின வருடக் கடைசியில். என் தம்பி கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். மண்டபத்தில் வந்தவர்களுக்குக் குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டே வந்த ஒரு சொந்தக்காரப் பெண், என் அத்தை முன்னால் வந்ததும் டக்கென்று நின்றுவிட்டாள். கொடுப்பதா, தாண்டிப் போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அத்தை பதற்றமே இல்லாமல் தானே கையை நீட்டிக் குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "பந்தி போட்டாச்சா பாருளா" என்று அவளை அனுப்பி வைத்தாள்.

அத்தை என்றால் என் தாய்மாமாவின் மனைவி. மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கும்போது கப்பலேறிப் போனார். சான்பிரான்சிஸ்கோவில் கப்பல் நின்றபோது இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. வயல் வேலை, தக்காளி டப்பா ஃபேக்டரி வேலை என்று இருந்துகொண்டு, மூன்று வருடம் ஒழுங்காகக் கடிதம் போட்டார். 1962-ல் கடிதம் நின்றது. அப்போது எனக்கு ஆறு வயது. 'எவளோ வெள்ளைக்காரியைக் கட்டிக்கிட்டு அங்கேயே இருந்துட்டான்' என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அத்தை தாலியோடும் பொட்டோடும் இருபத்து நான்கு வருடமாக இருக்கிறாள். கட்டினவன் இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாததால், விசேஷ வீடுகளில் அவளை எங்கே உட்கார வைப்பது என்பதே எல்லாருக்கும் ஒரு சங்கடம்.

அன்று சாயங்காலம் கல்யாண வீட்டு ஸ்டோர் ரூமில் வெற்றிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அத்தை கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நீ அந்த ஊருலதான இருக்க? ஒண்ணு கேக்கேன், உங்கம்மாட்ட சொல்லக் கூடாது."

"சொல்லுங்க அத்தை."

"அவுக இருக்காகளா இல்லையான்னுகூட நான் கேக்கல. எவ கூடவும் இருந்துட்டுப் போட்டும். நான் கடைசியாப் போட்ட கடுதாசி அவுக கைக்குப் போச்சா, அது மட்டும் தெரியணும்."

மாமாவுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் அத்தை நம்பர் போட்டிருந்தாள். தபால் முன்னே பின்னே போய்ச் சேர்ந்ததால், எது தவறிப் போனது என்று கண்டுபிடிக்க மாமாவே சொல்லிக்கொடுத்த வழி அது. தாளின் இடது மூலையில் நம்பர், அதைச் சுற்றி ஒரு வட்டம். பத்தொன்பது வரைக்கும் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறாள். பிறகு இரண்டு மாதமாக மாமாவிடமிருந்து கடிதம் இல்லை. சித்திரை வருஷப் பிறப்பன்று தபால்காரர் வெறும் கையோடு போனதும் அத்தைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்திருக்கிறது. அன்றைக்கே உட்கார்ந்து இருபதாம் கடிதத்தை எழுதிவிட்டாள்.

"'அங்கேயே கெடங்க. இங்க ஒருத்தரும் உங்களுக்காகக் காத்துக் கெடக்கல'ன்னு எழுதிப்புட்டேன். அதுக்கப்புறம் ஒரு வரி வரல. நாந்தான் அவுகளை விரட்டிப்புட்டேன்."

இதை ஒருவரிடமும் சொல்லாமல் இருபத்து நான்கு வருடம் வைத்திருந்திருக்கிறாள். "நான் பாக்கேன் அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்ததும் முழு மூச்சாக இறங்கினேன். உயிரோடு இருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். லைப்ரரியில் இருந்த டெலிபோன் டைரக்டரி அத்தனையையும் புரட்டினேன். கோவில் கட்டிக்கொண்டிருந்த லிவர்மோர் பக்கத்து ஆட்கள், பழைய பஞ்சாபிக் குடும்பங்கள் என்று கிடைத்த நம்பரை எல்லாம் சுழற்றினேன். ஒன்றும் தேறவில்லை. ஒருவேளை இறந்திருந்தால்? எங்கள் பக்கம் எரிப்பதுதான் வழக்கம். அதனால் உடலை எரிக்கிற இடங்களாகத் தேடித் தேடிப் போன் பண்ணினேன். வேறு விதமாக நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை. இந்த ஊரில் ஒருவர் இறந்தால் அவருடைய வழக்கத்தைச் சொல்வதற்குக்கூடப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

கடைசியில், மாமாவின் கடிதங்களில் இருந்து அத்தை எழுதித் தந்திருந்த விலாசத்தை வைத்து, கிழக்கே மலைக்கு அந்தப் பக்கம் இருந்த கவுன்ட்டி, அதாவது நம்மூர் ஜில்லா மாதிரி, அந்த ஆபீசுக்கு ஒரு நாள் என் கணவரை லீவு போட வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். பிறப்பு, இறப்பு, நிலம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் பதிவு. கவுன்ட்டரில் ஒரு பிலிப்பினோ பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். சிவப்பு ஃபிரேம் கண்ணாடி, கையில் குடம் மாதிரி ஒரு சோடா டம்ளர்.

அவள் முதலில் கேட்டது லாஸ்ட் நேம். எங்களுக்கு லாஸ்ட் நேம் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் வரும் என்று நான் விளக்கினேன். அவள் ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள். "சரி, இரண்டு பெயரிலும் தேடலாம்" என்று மைக்ரோஃபிலிம் சுருளை மாட்டிக் கொடுத்தாள். கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் திரையில் பெயர்கள் ஓடும். மூன்று மணி நேரம் சுற்றியதில் எனக்குத் தலைதான் சுற்றியது.

மூடுகிற நேரத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள். "இறந்தவர்களுடைய பெயர் இந்தச் சுருளில் விட்டுப்போவது உண்டு. கவுன்ட்டி செலவில் புதைத்தவர்களுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. யாரும் கேட்டு வராதவர்கள். அதையும் பார்க்கிறாயா?"

எனக்குச் சுருக்கென்றது. அநாதைப் பிணமா? என் தாய்மாமாவா? தூத்துக்குடியில் எங்களுக்கு இருக்கிற சொந்தத்தை வரிசையில் நிறுத்தினால் தெரு அடைத்துக்கொள்ளும். "எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் கிடையாது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, கொண்டுபோயிருந்த என் ஃபைலை மூடினேன். திரும்பி வரும்போது காரிலும் ஒரே புலம்பல். "என்ன திமிர் பாத்தீங்களா அவளுக்கு?" என் கணவர் ரோட்டைப் பார்த்தபடியே, "அவ கேட்டதுல என்ன தப்பு?" என்றார்.

அந்த வீறாப்பிலேயே நான்கு மாதம் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எதையும் துருவுகிறவள் என்று பீற்றிக்கொள்கிற நான், திறக்க வேண்டிய ஒரே புத்தகத்தைக் கௌரவத்துக்காகத் திறக்காமல் வந்தேன்.

நாலாவது மாதக் கடைசியில் அத்தையிடமிருந்து எனக்கு ஏர் மெயில் வந்தது. பிள்ளையார் சுழி, அதன் கீழே ஊர் பெயர், இடது மூலையில் வட்டத்துக்குள் 3. எனக்கும் நம்பர் போட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். 'இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல்' என்று ஆரம்பித்து, மழை, உப்பளம், மகள் வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்தது என்று மூன்று பக்கம். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'என்னாச்சு' என்று ஒரு வரி கேட்டிருந்தால்கூடச் சாக்குச் சொல்லியிருப்பேன். அவள் கேட்காமல் விட்டதுதான் என்னைக் குத்தியது.

மறுநாளே கிளம்பிவிட்டேன். லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம்தான். ஃப்ரீவேயில் தனியாக ஓட்டியதே இல்லை. லிவர்மோர் தாண்டியதும் மேடு. காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகின்றன. காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ராட்சச டிரக்குகள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு போகின்றன. முருகா முருகா என்று ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப்போனது.

கவுன்ட்டரில் அதே பிலிப்பினோ பெண். என்னை ஞாபகம் வைத்திருந்தாள். 'அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நான் அசடு வழிந்துகொண்டு, "அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாமா?" என்றேன். உள்ளே போய்த் துணி அட்டை போட்ட இரண்டு பெரிய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள்.

மனசுக்குள் என்னவெல்லாமோ கற்பனை வைத்திருந்தேன். குப்பையைக் கொட்டினது மாதிரி ஏதோ எழுதியிருக்கும் என்று. பிரித்துப் பார்த்தால் அத்தனை சுத்தமான கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் அடக்க எண், பெயர், வயது, இனம், பிறந்த நாடு, இறந்த மாதம், இடம், காரணம், எந்த வரிசை, வரிசையில் எத்தனையாவது குழி. பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கி, 'நீலச் சட்டை போட்டிருந்தவர்', 'ரயில் பாதை அருகே' என்று எழுதியிருந்தார்கள். பிறந்த அன்றே இறந்த குழந்தைகளுக்குத் தனி வரிசை. எனக்குள் இருந்த துருவல் புத்தி விழித்துக்கொண்டது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். இதற்கு என்ன அர்த்தம், அது யார் கையெழுத்து, குழி வெட்டுகிறவர் யார், பெட்டி யார் தருவது. அவள் சளைக்காமல் பதில் சொன்னாள்.

ஏழைகள்தான் இதில் இருப்பார்கள் என்று நினைக்காதே என்றாள். இதில் தச்சர் உண்டு, சமையல்காரர் உண்டு, பியானோ சொல்லிக்கொடுத்தவர் உண்டு. ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்து, குறிப்பிட்ட நாளுக்குள் கேட்டு யாரும் வரவில்லை என்றால் இங்கேதான் வருவார். வீட்டில் பத்துப் பேர் காத்திருந்தாலும் அந்தப் பத்துப் பேருக்குத் தகவல் போக வழியில்லை என்றால் இங்கேதான். "என் அம்மாவின் அண்ணனும் இதில் இருக்கிறார். அஸ்பாரகஸ் வயலில் தண்டு வெட்ட வந்தவர். இந்த வேலைக்கு வந்த பிறகு நானே கண்டுபிடித்தேன்" என்றாள். அன்றைக்கு அவளிடம் நான் வெடுக்கென்று பேசியது ஞாபகம் வந்து கூசிப்போய்விட்டேன். ஸாரி சொன்னேன். "எல்லாரும் முதல் தடவை அப்படித்தான் கிளம்பிப் போவார்கள். நிறையப் பேர் திரும்பி வருவதில்லை" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ராவை உறிஞ்சினாள்.

1962 பக்கத்தை அவள்தான் புரட்டினாள். சிவப்பு நகப்பூச்சு போட்ட விரல் வரி வரியாக இறங்கி வந்து ஓர் இடத்தில் நின்றது. முதலில் மாமா பெயர், பின்னால் என் தாத்தா பெயர். தாத்தா பெயரை லாஸ்ட் நேமாக்கிப் பதிந்திருந்தார்கள். வயது முப்பத்து மூன்று. இனம் என்ற இடத்தில் 'ஹிண்டு'. இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் அந்தக் காலத்தில் இங்கே அப்படித்தான் எழுதுவார்களாம். இறந்தது கவுன்ட்டி ஆஸ்பத்திரியில், நிமோனியா. மாதம் பிப்ரவரி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிப்ரவரி என்றால் மாசி. அத்தை கோபத்தில் எழுதியது சித்திரையில்.

ஆனாலும் சந்தேகம். அந்தப் பெயரில் தமிழன் வேறு ஒருவன் இருந்திருக்க மாட்டானா? இது என் மாமாதான் என்று நான் எதை வைத்து அத்தையிடம் சொல்வது? அதைச் சொன்னதும் அவள், இறந்தவர்களின் சாமான்களைக் குறித்து வைக்கிற கார்டு தனியாக இருக்கும் என்றாள். அது வேறு கட்டடத்தில் இருந்தது. சாப்பாட்டு வேளையில் அவளே என்னோடு நடந்து வந்தாள். அங்கே இருந்தவரிடம் பேசி, அரைமணி நேரம் கழித்து ஒரு மஞ்சள் கார்டைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

ஒரு கோட்டு. ஒரு ஷேவிங் செட். ஒரு ஜோடி பூட்ஸ். கடைசி வரி: கடிதக் கட்டு ஒன்று, மொழி தெரியவில்லை, உறை எதுவும் இல்லை, உடலுடன் பெட்டியில் வைக்கப்பட்டது. அதற்குக் கீழே, 'மேலாக இருந்த தாளின் முதல் வரிகள். யாராவது விசாரித்து வந்தால் காட்டவும்' என்று எழுதி, இங்க் பேனாவால் ஏதோ வரைந்திருந்தது.

வரைந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கு அது எழுத்து என்பது தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. கோலத்தைப் பார்த்துப் போடுவது போல ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். சில கொம்புகள் சாய்ந்திருந்தன, புள்ளிகள் இடம் மாறியிருந்தன. இருந்தாலும் படிக்க முடிந்தது. மேலே நடுவில் பிள்ளையார் சுழி. கீழே தூத்துக்குடி. இடது மூலையில் ஒரு வட்டம், அதற்குள் 19.

'அன்புள்ள அத்தானுக்கு, இங்கு நானும் பிள்ளையும் நலம். அங்கு தாங்கள் நலமா?'

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். கவர்மென்ட் ஆபீசில், முன்பின் தெரியாத ஜனங்கள் நடுவில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவள் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். இங்கிலீஷில் சொன்னேன். அவள் கார்டைத் தன் பக்கம் திருப்பி அந்த வளைவுகளைப் பார்த்தாள். அதை வரைந்தது யார் என்று கேட்டேன். கார்டின் ஓரத்தில் பெயருக்குப் பதில் இரண்டு இனிஷியல் மட்டும் போட்டிருந்தது. அது யாரென்று அங்கே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அத்தைக்குப் போன் கிடையாது. அவள் தெருவில் இருந்த உப்பு வியாபாரி வீட்டு நம்பருக்குப் போட்டுக் கூப்பிடச் சொல்லலாம். ஆனால் அவள் அங்கே நின்று பேசினால் தெருவே கேட்கும். அதனால் முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டேன். அம்மா அழுது ஓய்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "புதைச்சாகன்னு சொல்லாத. அநாதை மாதிரின்னு வெளிய தெரிஞ்சா கேவலம். முறைப்படி எரிச்சு, அஸ்தியைக் கடல்ல கரைச்சாகன்னு எழுதிரு."

எனக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. பொய்தான் பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் எரித்தார்கள் என்று எழுதினால் அந்தக் கடிதக் கட்டையும் எரித்ததாகத்தானே ஆகும்? அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. அதற்குப் பதில் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. என் கணவரிடம் கேட்டேன். "உங்க அத்தை உன்கிட்ட அழகான சாவு கேக்கல, கடுதாசியைப் பத்திதான் கேட்டாங்க" என்றார். அதிகம் பேசாத மனுஷன் எப்போதாவது வாயைத் திறந்தால் இப்படித்தான்.

நடந்தது நடந்தபடி எழுதினேன். கவுன்ட்டி புதைத்தது, பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்ட குழி, பிப்ரவரி மாதம், நிமோனியா. நீங்கள் கோபமாக எழுதின கடிதம் போய்ச் சேருவதற்கு ஆள் இல்லை அத்தை, நீங்கள் அதை எழுதும்போதே மாமா போய்விட்டார், பத்தொன்பதாம் கடிதம்தான் அவர் கடைசியாகப் படித்தது, அதைக் கட்டின் மேலாகவே வைத்திருந்திருக்கிறார் என்று எழுதி, ஜெராக்ஸையும் மடித்து உள்ளே வைத்தேன்.

ஐந்து வாரம் பதில் இல்லை. தபால் பெட்டிக்கும் வாசலுக்கும் நடந்தே தேய்ந்தேன். எழுதியிருக்கக் கூடாதோ, அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று தவித்துப்போனேன்.

ஆறாவது வாரம் ஒரு கனமான கவர் வந்தது. அத்தையின் கையெழுத்து. எனக்கு எழுதினது அரைப் பக்கம்தான். அதன் மூலையில் வட்டத்துக்குள் 4.

'நீ அனுப்பின தாளை நாலு நாள் யார்ட்டயும் காட்டாமல் வைத்திருந்தேன். அந்தப் புண்ணியவான் என் கையெழுத்தை என்ன பாடுபட்டு எழுதியிருக்கிறார், அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். அவுக அந்தக் கோபக் கடுதாசியைப் படிக்கவில்லை என்பது எனக்குப் போதும். மகளிடமும் சொல்லிவிட்டேன், உங்கப்பா நம்மை விட்டுப் போகவில்லை என்று. அவள் அழுதாள், நான் அழவில்லை, பிறகு அழுதேன். பொட்டை எடுக்கணுமா வேண்டாமா என்று உங்கம்மா கேட்டாக. இத்தனை வருசம் இல்லாத அவசரம் இப்போது என்னத்துக்கு என்று சொல்லிவிட்டேன். இத்துடன் இருப்பதைப் பிரிக்காமல் அவுக தலைமாட்டில் வைத்துவிடு.'

அரைப் பக்கத்தின் பின்னால் இன்னொரு கடிதம் இருந்தது. நாலாக மடித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. மேலே முகவரி கிடையாது. மூலையில் வட்டம் மட்டும். அதற்குள் 20.

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. இருபதாம் கடிதத்தைத்தான் சித்திரையிலேயே எழுதிவிட்டாளே, இது இருபத்தொன்று அல்லவா என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. போய்ச் சேராத அந்தக் கடுதாசியை அத்தை தள்ளிவிட்டாள். பத்தொன்பதுக்கு அடுத்தது இதுதான்.

அந்த வாரமே மறுபடியும் மலையைத் தாண்டினேன். பிலிப்பினோ தோழியும் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுக்கொண்டு வந்தாள். இடுகாடு ஊருக்கு வெளியே, வேலி போட்ட வெறும் புல்வெளி. சிலுவை கிடையாது, கல்லும் கிடையாது. புல்லுக்குள் உள்ளங்கை அகலத்துக்குச் சிமென்ட் வில்லைகள், அதில் எண்கள். பாதிக்கு மேல் மண் மூடியிருந்தது. பதிவேட்டில் குறித்து வந்த வரிசையை எண்ணிக்கொண்டே நடந்தோம். அவள் கொண்டுவந்த தோட்டக் கரண்டியால் இரண்டு பேரும் மாறி மாறிச் சுரண்டியதில் மாமாவின் எண் வெளியே வந்தது. அவள் கொஞ்சம் தள்ளிப் போய், இன்னொரு வரிசையில் தன் மாமா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜத்தைச் சொல்கிறேன், சோற்றுப் பசை ஓரத்தில் லேசாக விட்டிருந்தது. நகத்தை விட்டால் போதும், பிரிந்துவிடும். ஒரு வரி, ஒரே ஒரு வரி பார்த்தால் என்ன என்று விரல் துடித்தது. என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், இது எனக்கு எவ்வளவு பெரிய சோதனை என்று. விரலை மடக்கிக்கொண்டேன். வில்லையின் தலைப்பக்கம் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, கடிதத்தை வைத்து மண்ணைத் தள்ளி மூடினேன். "மாமா, அத்தை போட்ட கடுதாசி" என்று தமிழில் சொன்னேன். அந்த மண்ணில் யாராவது தமிழ் பேசியிருப்பார்களா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு சின்ன அட்டைகளில் தூத்துக்குடி விலாசத்தை இங்கிலீஷில் எழுதி ஒன்றை என் கணவரின் பர்ஸிலும் இன்னொன்றை என் பையிலும் வைத்தேன். அவர் அதை எடுத்து லைசென்ஸுக்குப் பின்னால் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

வருடங்கள் ஓடிவிட்டன. அத்தையும் போய்விட்டாள். என் துருவல் புத்தி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, சுண்டல் காகிதத்தைக்கூட விடுவதில்லை. ஆனால் யாராவது ஒருவரை 'அநாதை' என்று சொல்லும்போது, இவருக்கும் எங்கோ ஒருத்தி நம்பர் போட்டுக் கடுதாசி எழுதிக்கொண்டிருப்பாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. என் வாழ்நாளில் கைக்குக் கிடைத்தும் நான் படிக்காமல் விட்டது அந்த ஒரே ஒரு கடிதத்தைத்தான், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகிறது.